நெட் ஸ்பீட் இருந்தும் கோல் உடைவது ஏன்? ரவுட்டரில் வரிசையைச் சீராக்கும் முழுமையான வழிகாட்டி

சிக்னல் நாலு கோடு நிற்கிறது. ஸ்பீட் டெஸ்ட் 14 எம்பிபிஎஸ் என்கிறது. ஆனால் இரவு எட்டரைக்குக் கனடாவில் இருக்கும் சித்தியோடு வீடியோ கோல் எடுத்தால் பாதி நேரம் “கேக்குதா? கேக்குதா?” என்பதிலேயே போய்விடும். கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கம் 4ஜி ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இது அன்றாடக் கதை. டவரைத் திட்டிவிட்டு அடுத்த மாதம் பெரிய பக்கேஜுக்கு மாறுவார்கள். காசு போகும், கோல் உடைவது நிற்காது. ஏனென்றால் காரணம் பெரும்பாலும் அதே வீட்டுக்குள் இருக்கிறது. யாரோ ஒருவரின் போன் வைஃபைக்குள் வந்தவுடன், கலியாண வீட்டில் எடுத்த படங்களை எல்லாம் கூகிள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கியிருக்கும்.

இருக்கிற வேகத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்தை விட்டுக்கொடுத்தால் இதில் பெரும்பகுதி தீரும். அதை எங்கே, எப்படி விட்டுக்கொடுப்பது என்பதுதான் கீழே.

வரிசை நிற்கிற இடம்

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்லோட் 4 எம்பிபிஎஸ். 4ஜி ரவுட்டரின் மோடத்துக்குள் 1 மெகாபைட் அளவு பஃபர், அதாவது பக்கெட்டுகள் (டேட்டா வெட்டி அனுப்பப்படும் சிறு துண்டுகள்) காத்து நிற்கும் இடம், இருக்கிறது என்று வையுங்கள். படங்களை ஏற்றும் போன் அந்த இடத்தைச் சில செக்கன்களில் நிரப்பிவிடும். 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட். 4 எம்பிபிஎஸ் வழியால் அது வடிய 2 செக்கன் வேண்டும். வட்ஸ்அப் கோலின் குரல் ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்கு ஒரு சிறு பக்கெட்டாகப் போகிறது. அந்தச் சின்னப் பக்கெட் வந்து வரிசையின் வாலில் நிற்கும். முன்னால் 2 செக்கன் அளவுக்குப் படங்கள். நீங்கள் “ஹலோ” சொன்னது மோடத்தை விட்டு வெளியேறவே 2 செக்கன். அதற்குள் பின்னால் இன்னும் 100 குரல் பக்கெட்டுகள் சேர்ந்துவிடும்.

இதே 1 மெகாபைட் பஃபர் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைனில் 80 மில்லிசெக்கனில் வடிந்துவிடும். அதனால்தான் கொழும்பில் ஃபைபர் வைத்திருப்பவருக்கு இந்த வருத்தமே தெரிவதில்லை.

மெமரி மலிந்தபோது கருவி செய்பவர்கள் பக்கெட் ஒன்றும் தொலையக்கூடாது என்று பஃபரைப் பெருப்பித்துக்கொண்டே போனார்கள். டிசிபி என்ற இணைப்பு முறையோ, பக்கெட் ஒன்று தொலைந்தால்தான் “வழி நிறைந்துவிட்டது” என்று புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கும். தொலையாவிட்டால் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த வீக்கத்துக்கு ஜிம் கெட்டிஸ் 2010 அளவில் வைத்த பெயர் பஃபர்புளோட். 2012 இல் கேத்லீன் நிக்கொல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பக்கெட் எவ்வளவு நேரம் காத்து நின்றது என்று பார்க்கும். காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்காமல் தொடர்ந்து 100 மில்லிசெக்கன் நீடித்தால் ஒரு பக்கெட்டை வேண்டுமென்றே வீசும். அப்போதும் குறையாவிட்டால் அடுத்ததை 71, அதற்கடுத்ததை 58 மில்லிசெக்கன் இடைவெளியில் என்று இறுக்கிக்கொண்டு போகும். அனுப்புகிறவர் அடங்கியதும் விட்டுவிடும்.

அதோடு எஃப்கியூ, அதாவது நியாயமாக முறை வைக்கும் வரிசை, என்பதைச் சேர்த்ததுதான் எஃப்கியூ-கோடெல். குளத்து நீர்ப் பாய்ச்சலில் முறை வைப்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேல்வாய்க்கால் காணிக்காரர் தன் வயல் நிரம்பும்வரை மறித்து வைத்திருக்க விடாமல், ஆளுக்கு ஒரு முறை. படம் ஏற்றுகிற இணைப்புக்கு ஒரு வரிசை, கோலுக்கு ஒரு வரிசை, யூடியூபுக்கு ஒரு வரிசை. ரவுட்டர் ஒவ்வொன்றிலிருந்தும் மாறி மாறி எடுத்து அனுப்பும். மேலே சொன்ன 4 எம்பிபிஎஸ் லைனில் குரல் பக்கெட் இப்போது காத்திருக்க வேண்டியது, ஏற்கனவே வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய பக்கெட்டுக்கு மட்டுந்தான். 1514 பைட், 3 மில்லிசெக்கன். இரண்டு செக்கன் எங்கே, மூன்று மில்லிசெக்கன் எங்கே!

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நல்ல வரிசை உங்கள் ரவுட்டரில் இருக்கும். வழி ஒடுங்குகிற இடமோ மோடத்தில் அல்லது டவரில் இருக்கும். ஒடுங்குகிற இடத்தில்தான் வரிசை கட்டும். ஆகவே ரவுட்டரையே மோடத்தைவிடச் சற்று ஒடுக்கமாக்க வேண்டும். துருசை நாங்களே கொஞ்சம் இறக்கினால் தண்ணீர் எங்கள் பக்கத்தில் தேங்கும், முறை வைப்பதும் எங்கள் கையில் வரும். விட்டுக்கொடுக்கச் சொன்ன பத்துப் பதினைந்து வீதம் இதற்குத்தான்.

முதலில் அளக்க வேண்டும்

அளக்காமல் தொடங்கினால் கடைசியில் திருந்தியதா இல்லையா என்று வாய்ச்சண்டைதான் மிஞ்சும். லப்டொப்பை வயரால் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையில் அளந்தால் வைஃபையின் நோயும் சேர்ந்து வரும்.

விண்டோஸில் கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து, பக்கெட் ஒன்று போய்வர எடுக்கும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை 1.1.1.1 என்ற முகவரிக்கு, நிற்காமல் ஓடும்படி டீ என்ற தேர்வோடு கொடுங்கள். வீட்டில் எவரும் நெட் பாவிக்காதபோது ஒரு நிமிடம் ஓடவிட்டு, கொன்ட்ரோல்-சீ அழுத்தி நிறுத்தினால் குறைந்தது, கூடியது, சராசரி மூன்றும் வரும். 4ஜியில் சும்மா இருக்கும்போது 30 முதல் 60 மில்லிசெக்கன் என்றால் வழமையானது. இப்போது அதே பிங்கை ஓடவிட்டபடி ஒரு பெரிய வீடியோவை கூகிள் டிரைவுக்கு ஏற்றுங்கள். எண் 400, 900, 1500 என்று ஏறினால் நோய் உறுதி. ஏறாமல் முதலிலிருந்தே 200 ஆக இருந்தால் அது வேறு வருத்தம். அதற்குக் கீழே ‘பிழைக்கிற இடங்கள்’ பகுதியில் சிக்னல் பற்றிச் சொன்னதைப் பாருங்கள்.

பிரவுசரிலேயே பார்க்க விரும்பினால் வேவ்ஃபார்ம் தளத்தின் பஃபர்புளோட் டெஸ்ட் ஏ-பிளஸிலிருந்து எஃப் வரை தரம் போட்டுக் காட்டும். ஃபாஸ்ட் டொட் கொம்மில் விபரத்தைத் திறந்தால் சுமையில்லாதபோதும் சுமையோடும் எவ்வளவு தாமதம் என்று இரண்டு எண் வரும். டேட்டாவைக் கவனியுங்கள். 14 எம்பிபிஎஸ் லைனில் 15 செக்கன் டவுன்லோட் அளப்பது 26 எம்பி தின்னும். 5 எம்பிபிஎஸ் அப்லோட் இன்னும் 9. கீழே சொல்கிறபடி ஒன்பது தடவை அளந்தால் 300 எம்பிக்குச் சற்று மேலே.

ஒன்பது தடவை எதற்கு? காலை ஐந்து மணிக்கு மூன்று, நண்பகலில் மூன்று, இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் மூன்று. 4ஜி என்பது ஊரோடு பங்குபோடுகிற வழி. விடியப்புறம் 35 காட்டும் லைன் இரவு 12 காட்டும். ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுங்கள், அப்லோடையும் சேர்த்து. பலர் அப்லோடைப் பார்ப்பதே இல்லை. கோலை உடைப்பது பெரும்பாலும் அதுதான்.

என்ன ரவுட்டர் வேண்டும்

நிறுவனம் தந்த 4ஜி ரவுட்டரில் கியூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருக்கும். விளையாட்டுக்கு முன்னுரிமை, வீடியோவுக்கு முன்னுரிமை என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். மொத்த வேகத்துக்கு வரம்பு வைக்காத முன்னுரிமை ஒன்றுக்கும் உதவாது. வரிசை அதன் கைக்கு வெளியே மோடத்துக்குள் நிற்கும்போது யாருக்கு முன்னுரிமை கொடுத்து என்ன?

வேண்டியது கேக் அல்லது எஃப்கியூ-கோடெல் ஓடக்கூடிய இரண்டாவது ரவுட்டர். கேக் என்பது எஃப்கியூ-கோடெலின் அடுத்த தலைமுறை. வேக வரம்பு, முறை வைப்பு, ஆளுக்காள் பங்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. லினக்ஸ் கேர்னலில் 4.19 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல் இருக்கிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, ஓப்பன்-வர்ட் மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர். வாங்குமுன் அந்த மொடலின் பெயரையும் அதன் அடியில் ஸ்டிக்கரில் உள்ள பதிப்பு எண்ணையும் ஓப்பன்-வர்ட் தளத்தின் பட்டியலோடு வடிவாக ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் பதிப்பு 4 க்கு ஏறும், பதிப்பு 6 க்கு ஏறாது என்பதெல்லாம் உண்டு. 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரமும் இருந்தால் நிம்மதி. மற்றது, ரவுட்டர்-ஓஎஸ் 7 மென்பொருள் ஓடும் மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர். 4ஜியின் 10 முதல் 40 எம்பிபிஎஸ் வேகத்துக்குப் பழைய, பாவித்த ரவுட்டரே தாங்கும். 100 எம்பிபிஎஸ் ஃபைபருக்கு மேலே போனால்தான் சிபியூவின் பலத்தைப் பார்க்க வேண்டும்.

இணைக்கும் முறை

4ஜி ரவுட்டரின் லான் (வீட்டுப் பக்கத்து) துவாரத்திலிருந்து ஒரு வயரை புதிய ரவுட்டரின் வான் (நெட் வரும் பக்கத்து) துவாரத்துக்கு இழுங்கள். ஓப்பன்-வர்ட் தனக்கு 192.168.1.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். 4ஜி ரவுட்டரும் அதே 192.168.1.1 என்றால் இரண்டும் முட்டி, நெட் வராது. புதியதை முதலில் தனியே லப்டொப்போடு இணைத்து, லான் முகவரியை 192.168.20.1 என்று மாற்றிவிட்டு, அதன்பின் வயரைப் போடுங்கள்.

அடுத்ததை மறந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்: 4ஜி ரவுட்டரின் வைஃபையை நிறுத்துங்கள். வீட்டில் ஒரே ஒரு போன் பழைய வைஃபைப் பெயரை நினைவில் வைத்து அதிலேயே இணைந்திருந்தாலும் அது உங்கள் வரிசைக்கு வெளியால் போகும். அது படம் ஏற்றத் தொடங்கினால் எல்லாரின் கோலும் உடையும். புதிய ரவுட்டரின் வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே கொடுத்துவிட்டால் அம்மம்மாவின் போன் வரை எல்லாம் தானாக மாறிக்கொள்ளும்.

இரண்டு ரவுட்டர் என்றால் இரண்டு தடவை நாட், அதாவது வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது, நடக்கும். கோல், யூடியூப், ஸூம் எதற்கும் இதனால் பாதிப்பில்லை. வீட்டுச் சிசிடிவியை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க போர்ட் திறந்து வைத்திருப்பவர்கள் மட்டும் இரண்டிலும் திறக்க வேண்டும்.

ஓப்பன்-வர்ட்டில் படிப்படியாக

பிரவுசரில் 192.168.20.1 க்குப் போய் உள்நுழையுங்கள். சிஸ்டம் என்பதன் கீழ் சொப்ட்வெயர். முதலில் அப்டேட் லிஸ்ட்ஸ் பட்டனை அழுத்துங்கள்; அழுத்தாமல் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பிறகு தேடும் பெட்டியில், வரிசையைச் சீராக்கும் மென்பொருளின் பெயரான எஸ்கியூஎம் என்ற மூன்று எழுத்தை அடித்தால் லூசி-ஆப்-எஸ்கியூஎம் வரும். அதை நிறுவினால் தேவையான மற்றவற்றையும் அது கூட்டிக்கொண்டு வரும். பக்கத்தைப் புதுப்பித்தால் நெட்வேர்க் மெனுவின் கீழ் எஸ்கியூஎம் கியூஓஎஸ் தெரியும்.

அதைத் திறக்குமுன் நெட்வேர்க், ஃபயர்வோல் பக்கத்துக்குப் போய் ஃப்ளோ ஓஃப்லோடிங் என்று இருப்பதை அணையுங்கள், சொப்ட்வெயர் வகை ஹார்ட்வெயர் வகை இரண்டையுமே. அது பக்கெட்டுகளைக் குறுக்குவழியால் அனுப்பிவிடும். குறுக்குவழியால் போனவை வரிசைக்கு வருவதில்லை.

இப்போது எஸ்கியூஎம் பக்கம். இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில் வான் பக்கத்துச் சாதனத்தைத் தெரிவு செய்யுங்கள். தவறி லானைத் தெரிந்தால் டவுன்லோடும் அப்லோடும் தலைகீழாகும். டவுன்லோட் பத்தாயிரம், அப்லோட் மூவாயிரத்து எழுநூறு என்று போட்டது மாறி, டவுன்லோட் 3.7 எம்பிபிஎஸ் ஆக நின்றால் இதுதான் காரணம்.

வேக எண்கள் கிலோபிட் கணக்கில் வேண்டும். உதாரணமாக இரவு அளவுகள் டவுன்லோட் 14.2, 11.8, 12.6, அப்லோட் 5.1, 4.4, 4.7 என்று வையுங்கள். சராசரி எடுக்க வேண்டாம், ஆகக் குறைந்ததை எடுங்கள். 11.8 இல் நூற்றுக்கு 85 என்பது 10.03, ஆகவே 10000. அப்லோட் 4.4 இல் 85 வீதம் 3.74, ஆகவே 3700. பத்து என்று மட்டும் அடித்தால் 10 கிலோபிட், நெட் செத்துப்போகும். சைபர் அடித்தால் அந்தத் திசையில் வரம்பே இல்லை என்று பொருள்.

கியூ டிசிப்ளின் தாவலில் கேக், அதற்குக் கீழே ஸ்கிரிப்ட் பீஸ்-ஒஃப்-கேக். லேயர்-கேக் என்பதும் இருக்கும். அது பக்கெட்டின் மேல் குத்தப்பட்ட முன்னுரிமை அடையாளங்களைப் பார்த்து வகை பிரிக்கும். அந்த அடையாளங்கள் வழியில் அழிந்தோ மாறியோ வருவது சகஜம் என்பதால் வீட்டுக்கு எளியதே போதும்.

அதே தாவலில் மேலதிக அமைப்புகளைக் காட்டும் பெட்டியில் டிக் போட்டு, அதன்பின் வரும் ஆபத்தானவை என்ற பெட்டியிலும் டிக் போட்டால் கடைசியில் இரண்டு எழுத்துப் பெட்டிகள் திறக்கும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இன்க்ரஸ் (உள்ளே வருவது) பெட்டியில் மூன்று சொற்கள்: நாட், டூவல்-டிஎஸ்டிஹோஸ்ட், இன்க்ரஸ். இக்ரஸ் (வெளியே போவது) பெட்டியில் இரண்டு: நாட், டூவல்-எஸ்ஆர்சிஹோஸ்ட். எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் ஓர் இடைவெளி, கொமா இல்லை. டூவலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மட்டும் சிறுகோடு. இந்தப் பெட்டிகளை எவரும் சரிபார்ப்பதில்லை. ஓர் எழுத்துப் பிழைத்தால் பிழைச்செய்தி வராது, எஸ்கியூஎம் சத்தமில்லாமல் ஓடாமல் இருக்கும்.

இந்தச் சொற்கள் என்ன செய்கின்றன? சாதாரண முறை வைப்பு இணைப்புக்கு ஒரு பங்கு கொடுக்கும். டியூசன் கொட்டிலில் ஒரு பெடியன் டொரண்ட் போட்டு 50 இணைப்புத் திறந்தால் அவனுக்கு 50 பங்கு, ஸூமில் இருக்கும் ரீச்சருக்கு ஒரு பங்கு. டூவல் சொற்களைப் போட்டால் முதலில் ஆளுக்கு ஒரு பங்கு, பிறகுதான் அவரவர் இணைப்புக்குள் பிரிப்பு. பத்துப் பேர் பாவிக்கும் கொமினிகேஷன் கடைக்கும் டியூசனுக்கும் இந்த ஒரு வரியே பெரிய ஆறுதல்.

டவுன்லோட் அப்லோடைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் என்றால், உதாரணமாக 30 க்கு 1.5, இக்ரஸ் பெட்டியில் ஆக்-ஃபில்டர் என்ற சொல்லையும் சேர்க்கலாம். டவுன்லோட் ஓடும்போது திரும்பிப் போகும் “கிடைத்தது” பக்கெட்டுகளே அப்லோடை நிரப்பும்; இது அவற்றில் மிகையானதைக் கழிக்கும். அந்தளவு வித்தியாசம் இல்லாத லைனில் தேவையில்லை.

ஆர்டிடி, அதாவது பக்கெட் போய்வரும் நேரம், என்ற அமைப்பைப் பற்றியும் கேட்பார்கள். கேக் 100 மில்லிசெக்கன் என்று எடுத்துக்கொள்ளும். கனடாவுக்குப் போய்வர 250 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கிறதே, கூட்ட வேண்டாமா? கோலுக்கு இதனால் வித்தியாசமில்லை. தூரத்து சேர்வருக்குப் பெரிய ஃபைல் ஏற்றும்போது மட்டும் வேகம் அநியாயமாக விழுந்தால் ஓஷனிக் என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். அது 300 மில்லிசெக்கன். மற்றவர்கள் இதைத் தொடாமல் விடுவதே நல்லது.

லைனின் வகை

லிங்க் லேயர் தாவலில் 4ஜிக்கும் ஃபைபருக்கும் ஈதர்நெட் வித் ஓவர்ஹெட், எண் 44. ஒவ்வொரு பக்கெட்டோடும் வழியில் கூடுதலாகச் சேரும் பைட் கணக்கு இது. கொஞ்சம் கூடப் போட்டால் வேகத்தில் துளி குறையும். குறையப் போட்டால் வரிசை மோடத்துக்குத் திரும்பிவிடும். கூடவே போடுங்கள்.

செப்புக் கம்பி ஏடிஎஸ்எல் இன்னும் வைத்திருப்பவர்கள் ஏடிஎம் என்பதைத் தெரிய வேண்டும், எண் அதே 44. ஏடிஎம் எல்லாவற்றையும் 48 பைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 5 பைட் தலைப்பு வைத்து 53 ஆக அனுப்பும். 1492 பைட் பக்கெட் 44 ஐச் சேர்த்தால் 1536. சரியாக 32 துண்டு. கம்பியில் 1696 பைட். 40 பைட்டே உள்ள “கிடைத்தது” பக்கெட்டோ 84 ஆகி, இரண்டு துண்டு எடுத்து, 106 பைட் ஆகிறது. சின்னப் பக்கெட் இரண்டரை மடங்காக வீங்குகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் ரவுட்டரின் கணக்கு, சின்னப் பக்கெட்டுகள் மலியும் கோல் நேரத்தில்தான் பிழைக்கும்.

கடைசியாக எனேபிள் பெட்டியில் டிக், பிறகு சேவ் அண்ட் அப்ளை. சிஸ்டம், ஸ்டார்ட்டப் பக்கத்தில் எஸ்கியூஎம் இயங்கு நிலையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் தானாகத் தொடங்க அது வேண்டும்.

மைக்ரோடிக்கில்

கியூஸ் பக்கத்தில் கியூ டைப்ஸ் தாவலில் கேக் வகையில் இரண்டு புதியவை செய்யுங்கள், ஒன்று ஏற, ஒன்று இறங்க. இரண்டிலும் நாட் தேர்வை யெஸ் ஆக்கி, ஏறுவதற்கு டூவல்-எஸ்ஆர்சிஹோஸ்ட், இறங்குவதற்கு டூவல்-டிஎஸ்டிஹோஸ்ட். அவற்றுக்குள் பேண்ட்வித் எண்ணைப் போட வேண்டாம். சிம்பிள் கியூ ஒன்று செய்து, அதன் கியூ டைப்பில் இந்த இரண்டையும் தெரிந்து, டார்கெட் உங்கள் லான், வழமையாக 192.168.88.0/24, மெக்ஸ் லிமிட்டில் முதல் எண் அப்லோட், இரண்டாவது டவுன்லோட். ஃபயர்வோலில் ஃபாஸ்ட்ட்ராக் விதி (இதுவும் ஒரு குறுக்குவழிதான்) இருந்தால் அணையுங்கள். அது அணையாவிட்டால் சிம்பிள் கியூ ஓவியம் மாதிரித்தான், பார்க்கலாம், வேலை செய்யாது.

திருகித் திருத்துதல்

பழையபடி பிங்கை ஓடவிட்டு வீடியோவை ஏற்றுங்கள். சும்மா இருக்கும்போது 45 ஆக இருந்தது, ஏற்றும்போது 65, 75 க்குள் நின்றால் 4ஜிக்கு அது நல்ல பெறுபேறு. ஃபைபரில் 5 மில்லிசெக்கனுக்கு மேல் கூடக்கூடாது.

இன்னும் 200 க்கு மேலே துள்ளினால், எந்தத் திசையில் துள்ளுகிறதோ அந்த எண்ணை மட்டும் 5 வீதம் குறையுங்கள். 3700 லிருந்து 3500, பிறகு 3300. திருந்தியதும் நிறுத்தி, ஒரு படி கூட்டிப் பார்த்து, மறுபடி துள்ளுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே விடுங்கள். இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். அப்லோடை முதலில் முடியுங்கள்.

விடியப்புறம் 35 கிடைக்கிற லைனை 10 இல் கட்டிவைப்பது பலருக்கு மனம் ஒப்பாது. சரிதான். அதற்குக் கேக்-ஓட்டோரேட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது தொடர்ந்து பிங் அடித்துத் தாமதம் ஏறினால் வரம்பை இறக்கும், வழி சும்மா கிடந்தால் ஏற்றும். மூன்று எண் கேட்கும்: ஆகக் குறைந்தது, அடிப்படை, ஆகக் கூடியது. மேலே எழுதிய கொப்பி இங்கே உதவும். ஆகக் குறைந்ததற்கு ஆக மோசமான இரவு அளவிலும் கீழே, 6000 போல; அடிப்படைக்கு 10000; கூடியதற்கு விடியப்புற அளவு. சாட்டலைட் லைனுக்கும் இதுவே பொருந்தும், அதன் வேகமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால்.

ஆனால் பக்கேஜ் டேட்டாவைப் பாருங்கள். செக்கனுக்கு 20 பிங் என்றால், ஒன்று 84 பைட், போகவும் வரவும் சேர்த்து நாளுக்கு 290 எம்பி. மாதத்துக்கு 8.7 ஜிபி! எவரும் பாவிக்காதபோது பிங்கை நிறுத்தும் தேர்வு அதில் உண்டு. அது இயங்கு நிலையில் இருப்பதை உறுதி செய்யுங்கள். சிறிய பக்கேஜ் என்றால் ஓட்டோரேட் வேண்டாம், 10 இலேயே இருங்கள். வீடியோ கோலுக்கும் ஸூம் வகுப்புக்கும் 10 தாராளம்.

பிழைக்கிற இடங்கள்

வயரில் நன்றாக இருக்கிறது, போனில் உடைகிறது: வைஃபை. இரண்டு அறை தள்ளி, கொங்கிறீட் சுவருக்கு அப்பால் இருக்கும் போன் மெதுவாகப் பேசும். அதன் வரிசை வைஃபைக்குள் கட்டும். 2.4 கிகாஹேர்ட்ஸில் சனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை, 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தோடு வையுங்கள். ரவுட்டரைத் தகரப் பெட்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் பின்னால் ஒளிக்காமல் கோல் எடுக்கும் இடத்துக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

வேகம் நீங்கள் போட்ட எண்ணுக்கு மிகவும் கீழே நிற்கிறது, பிங்கும் ஏறுகிறது: சிபியூ தாங்கவில்லை. கேக்குக்குப் பதில் எஃப்கியூ-கோடெல், ஸ்கிரிப்ட் சிம்பிள் என்று மாற்றினால் சுமை குறையும். மேலே சொன்ன டூவல் சொற்களை அப்போது அழித்துவிட வேண்டும்.

ஒன்றுமே மாறவில்லை: ஓஃப்லோடிங் அணைக்கப்படவில்லை, அல்லது எழுத்துப் பிழை, அல்லது யாரோ இன்னும் பழைய வைஃபையில்.

சும்மா இருக்கும்போதே பிங் 150, 200, அதுவும் ஆடிக்கொண்டு: இது சிக்னல், வரிசை அல்ல. 4ஜி ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலுக்கு மேல் சிக்னலின் தெளிவு) என்று இரண்டு எண் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 90 அல்லது அதைவிட நல்லதென்றால் திருப்தி, மைனஸ் 110 க்குக் கீழே என்றால் கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் 10 க்கு மேல் வேண்டும். 3 க்குக் கீழே என்றால் வேகம் செக்கனுக்குச் செக்கன் குதிக்கும், எந்த எண்ணைப் போட்டாலும் நிற்காது. வெளி அன்ரெனாவை மரங்களின் தலைக்கு மேலே உயர்த்தி, டவர் பக்கம் மெல்ல மெல்லத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆரைப் பாருங்கள். கோடுகளை நம்ப வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால் வேலை செய்யவில்லை: 4ஜி ரவுட்டர் எழும்ப நேரம் எடுக்கும், யூஎஸ்பி டொங்கிள் என்றால் இன்னும் பிந்தும். புதிய ரவுட்டர் முந்தி எழும்பி வான் இல்லாமல் நிற்கும். வழமையாக வான் வந்ததும் எஸ்கியூஎம் தானாகப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டப் பக்கத்தில் அதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு ரவுட்டரையும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில் போடலாம், இரண்டின் அடப்டரிலும் 12 வோல்ட் என்று எழுதியிருந்தால், கூட்டு அம்பியரை யூபிஎஸ் தாங்கினால் மட்டும். 9 வோல்ட் ரவுட்டரை 12 இல் செருகிவிடாதீர்கள்.

புது ரவுட்டர் இப்போதைக்கு வாங்க ஏலாது என்றால்

வரிசையை நிரப்புகிறவர்களை அடக்குவதுதான் மிச்சம். போன்களில் கூகிள் போட்டோஸின் பாக்கப்பை அணைத்து, நடுச்சாமத்தில் மட்டும் கையால் ஓடவிடுங்கள். விண்டோஸில் அந்த வைஃபையை மீட்டர்ட் (அளவோடு பாவிக்க வேண்டிய இணைப்பு) என்று குறியுங்கள். டெலிவரி ஒப்டிமைசேஷனில் மற்றக் கணினிகளுக்குப் பகிர்வதை நிறுத்துங்கள், அது உங்கள் அப்லோடை வெளியாருக்குக் கொடுக்கிறது. கிளவுடுக்கு ஏற்றும் சிசிடிவி கமரா இருந்தால் அதன் பிட்ரேட்டை 2 எம்பிபிஎஸ்ஸிலிருந்து அரை எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்குங்கள். 4 எம்பிபிஎஸ் அப்லோடில் 2 எம்பிபிஎஸ்ஸாக இரண்டு கமரா நின்றால் முழுவதும் போயிற்று என்பதைப் பூட்ட வருகிறவர் சொல்லமாட்டார்.